கியர் ராடு ஏன் ஆடுகிறது?

பழைய மோட்டார் வண்டியைப் பேணி வைத்திருப்போர் பலர் கூறும் குறை ஒன்று உண்டு. "என்ஜின் நன்றாக ஓடுகிறது, பிரேக் பிடிக்கிறது, பாடியில் துரு இல்லை. ஆனால் கியர் ராடு மட்டும் விழப்போகிற பல்லைப்போல் ஆடுகிறது" என்பர். மூன்றாவது கியர் என்று எண்ணித் தள்ளினால் அது முதலாவது கியரின் வாயிலில் போய் முட்டும். நியூட்ரலில் நிற்கிறதா, கியரில் விழுந்துவிட்டதா என்று கைக்குப் புலப்படாது. வண்டி வேகமெடுக்கையில் ராடு கிடுகிடுவென்று நடுங்கும்; அதன்மேல் கையை வைத்தால் ஓயும்.

இக்குறையைக் கண்டவுடன் கியர் பாக்ஸே கெட்டுவிட்டது என்று தீர்ப்புக் கூறுவது பல பட்டறைகளில் வழக்கம். அத்தீர்ப்பை ஏற்றுப் பெரும்பொருள் செலவிட்டோரும் உளர். செலவுக்கு அஞ்சி வண்டியையே கைவிட்டோரும் உளர். ஆனால் பெரும்பாலும் நோய் பெட்டிக்குள் இருப்பதில்லை. ஓட்டுபவர் கைக்கும் பெட்டிக்கும் நடுவே இருக்கும் சில்லறை உறுப்புகளிலேயே அது இருக்கிறது. சுண்டுவிரல் நுனியளவே உள்ள அவ்வுறுப்புகளை எவ்வாறு அறிவது, எவ்வாறு திருத்துவது என்பதே இம்மாதம் நாம் எடுத்துக்கொண்ட பொருள்.

பொதுவாகப் பேசுவதைக் காட்டிலும் ஒரு வண்டியை முன்வைத்துப் பேசுவது நன்று. இங்கிலாந்தில் கவென்ட்ரி நகரத்து ஸ்டாண்டர்ட்-டிரையம்ப் கம்பெனியார் 1962-ஆம் ஆண்டில் 'டிரையம்ப் ஸ்பிட்பயர்' என்னும் ஸ்போர்ட்ஸ் காரை வெளியிட்டனர். இருவர் அமரத்தக்க சிறு வண்டி அது. கூரையை மடக்கிவிட்டுக் காற்றாட ஓட்டலாம். 1980 வரை 3 லட்சத்துக்கு மேற்பட்ட ஸ்பிட்பயர் வண்டிகள் செய்யப்பட்டன. அதன் உருவத்தை அமைத்தவர் ஜியோவானி மிக்கேலாட்டி என்னும் இத்தாலியர்.

"எங்கோ ஓடிய ஸ்போர்ட்ஸ் காருக்கும் நமக்கும் என்ன உறவு?" என்று வாசகர்கள் கேட்கலாம். உறவு உண்டு. ஸ்பிட்பயர் தனியே பிறந்த வண்டியன்று. 1959-ஆம் ஆண்டில் வெளிவந்த 'டிரையம்ப் ஹெரால்டு' என்னும் குடும்ப வண்டியின் அடிப்படையிலேயே அது ஆக்கப்பட்டது. ஹெரால்டுக்கும் உருவம் தந்தவர் மிக்கேலாட்டியே. அந்த ஹெரால்டுதான் 1961 முதல் 1971 வரை சென்னையை அடுத்த வண்டலூர்ப் பக்கத்திலிருந்த ஸ்டாண்டர்ட் மோட்டார் தொழிற்சாலையில் 'ஸ்டாண்டர்ட் ஹெரால்டு' என்ற பெயரோடு செய்யப்பட்டது. மருத்துவர்களும் வக்கீல்களும் கல்லூரி ஆசிரியர்களும் அதனை விரும்பி வாங்கினர். உத்தியோக மாற்றலில் வடக்கே வந்தோர் சிலர் அதனையும் உடன் கொணர்ந்தனர். முன்புற மூடி முழுவதும் இரு மட்கார்டுகளோடு சேர்ந்து முன்னோக்கி எழும் அவ்வண்டியைக் கண்டோர் மறவார். ஆகவே ஸ்பிட்பயரின் கியர் ராட்டைப் பற்றி அறிவது நம் வீட்டு ஹெரால்டின் கியர் ராட்டைப் பற்றி அறிவதே ஆகும்.

முதலில் அமைப்பைப் பார்ப்போம். இவ்வண்டிகளில் கியர் பாக்ஸ் என்ஜினுக்குப் பின்னால், ஓட்டுபவரின் கால்மாட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. ராட்டைப் பெட்டியின் தலைமேல் நேராக நாட்டினால், ஓட்டுபவர் ஒவ்வொரு முறையும் முன்னால் குனிந்து அதை எட்டிப் பிடிக்க நேரும். அதனால் பெட்டியின் மேல்மூடியைப் பின்பக்கமாக நீட்டி, அந்நீட்சியின் கடைசியில் ராட்டை நிறுத்தினர். ராடு நடுவில் ஓர் உருண்டையின்மேல் அமர்ந்து நாற்புறமும் சாயும். அதன் அடிமுனை, ஒரு போல்டினால் நீண்ட இரும்புத் தண்டு ஒன்றோடு இணைந்திருக்கும். அத்தண்டு முன்னும் பின்னும் நகரும். சற்றே சுழலவும் செய்யும். தண்டின் முன்முனையில் ஒரு கவை பொருத்தப்பட்டிருக்கிறது. மூடிக்குள் இணையாகக் கிடக்கும் மூன்று கம்பிகளில் ஒன்றை அக்கவை தேர்ந்து பிடித்துத் தள்ளும். தள்ளப்பட்ட கம்பி தன்னிடமுள்ள கரத்தினால் பற்சக்கரங்களின் நடுவேயுள்ள வளையத்தை நகர்த்த, கியர் விழுகிறது. 1974 வரை வந்த ஸ்பிட்பயர்களுக்கு இவ்வமைப்புப் பொருந்தும். அதன்பின் வந்த 1500 என்னும் வகையில் மூன்று கம்பிகளுக்குப் பதிலாக ஒரே கம்பி உண்டு.

இந்தப் பாதையில் இரும்பும் இரும்பும் உராய்ந்து ஓசையிடாதபடி இடையிடையே மெத்தையான உறுப்புகளை வைத்துள்ளனர். உருண்டையைச் சுற்றி நைலான். அதனை அழுத்திப் பிடிக்கச் சுருள் ஸ்பிரிங். அடிமுனைப் போல்டின் இருபுறமும் நைலான் வாஷர். போல்டைச் சுற்றி ஒரு புஷ். தண்டு நுழையும் துளையில் ரப்பர் வளையம். கவையைத் தண்டோடு பூட்டுவது கூம்பிய முனையுடைய சிறு திருகாணி. இவற்றுள் திருகாணி நீங்கலாக மற்றவை யாவும் தேய்வதற்கென்றே பிறந்தவை. விலையுயர்ந்த இரும்பு தேயாதிருக்கும்பொருட்டுத் தாம் தேய்ந்துகொடுப்பவை என்றே கூறலாம். நாற்பது ஐம்பது ஆண்டு உழைத்தபின் நைலான் பொடிந்திருந்தால் அதில் வியப்பில்லை.

இங்கே ஒரு சிறு கணக்கு. உருண்டைக்கு மேலுள்ள ராட்டின் நீளம், கீழுள்ள நீளத்தைப்போல் 5 மடங்கு என்று கொள்வோம். பாதையில் மூன்று இடங்களில் அரை மில்லிமீட்டர் வீதம் தேய்ந்திருந்தால், கீழே மொத்த ஆட்டம் 1½ மில்லிமீட்டர். மேலே கையிலுள்ள குமிழிலோ அது 7½ மில்லிமீட்டராகப் பெருகிவிடும். எந்த ஓர் உறுப்பும் தன்னளவில் கெட்டதாகத் தோன்றாது. ஆயினும் ராடு ஆடும். ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு "பயனில்லை" என்று சலிப்போர் இக்கணக்கை நினைவிற்கொள்ள வேண்டும்.

இருப்புப்பாதை சிக்னல் கேபின்களை அறிந்தவர்க்கு இது எளிதில் விளங்கும். கேபினில் ஒருவர் லீவரை இழுக்க, நெடுந்தொலைவு கிடக்கும் கம்பிகளின் வழியே தண்டவாளப் பாயின்ட் நகரும். இடையிலுள்ள ஒவ்வொரு பின்னும் சற்றே தேய்ந்தால், லீவர் முழுதும் வந்த பின்னரும் பாயின்ட் முழுதும் பொருந்தாது. அதற்காகப் பாயின்ட்டைப் பெயர்த்தெறிவார் யாரேனும் உண்டோ? பின்களையன்றோ முதலில் பார்ப்பர்! கியர் ராட்டுக்கும் அதே முறைதான்.

இனி நோயறியும் வழி. என்ஜினை நிறுத்திவிட்டுச் சமதளத்தில் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, கியரில் போட்டு, குமிழை மெல்ல அசைத்துப் பாருங்கள். பக்கவாட்டில் மிகுதியாக ஆடினால் உருண்டையின் நைலானையும் ஸ்பிரிங்கையும் ஐயுறலாம். முன்பின்னாக ஆடினால் அடிமுனைப் போல்டையும் புஷ்ஷையும் பார்க்க வேண்டும். ராடு நன்றாக நகர்ந்தும் உள்ளே ஒன்றுமே நிகழாவிட்டால் கூம்பு முனைத் திருகாணி தளர்ந்தோ விழுந்தோ போயிருக்கலாம். ஆக்ஸிலரேட்டரை மிதித்து விடும்போதெல்லாம் ராடு முழுவதும் துள்ளினால், ராடு குற்றமற்றது. என்ஜினையும் கியர் பாக்ஸையும் தாங்கும் ரப்பர் மவுண்டிங்குகள் கெட்டிருக்கும்.

வேறு சில நோய்கள் கியர் ராட்டின்மேல் பழியாக வந்து விழுவதுண்டு. என்ஜின் ஓடாதபோது எல்லாக் கியர்களும் எளிதில் விழுந்து, ஓடும்போது மட்டும் முரண்டினால் கிளட்ச் முழுதும் விடுபடவில்லை என்று பொருள். இரண்டாவது கியருக்கு மட்டும் கரகரவென்ற ஓசை எழுந்தால் உள்ளேயுள்ள சின்க்ரோ வளையம் தேய்ந்திருக்கலாம். வண்டி உருண்டுகொண்டிருக்கையில் முதல் கியர் போட்டால் எழும் ஓசையோ நோயே அன்று. ஹெரால்டிலும், 1970-க்கு முற்பட்ட ஸ்பிட்பயரிலும் முதல் கியருக்குச் சின்க்ரோ கிடையாது; வண்டி நின்றபிறகே அதனைப் போட வேண்டும். கியர் தானே நழுவி வெளிவந்தால் இரண்டு காரணங்கள் உண்டு. ராட்டின் ஆட்டத்தால் கியர் முழுதும் விழாதிருக்கலாம். அல்லது பெட்டிக்குள் கம்பியை நிறுத்தும் ஸ்பிரிங்கோ, கரமோ, வளையமோ தேய்ந்திருக்கலாம். முதற்காரணத்தை நீக்கிய பிறகே இரண்டாவதைத் தேடுவது முறை.

நம் சங்கத்து அன்பர் ஒருவர் இல்லத்தில் நிகழ்ந்ததை இவ்விடத்தில் கூறுவது பொருந்தும். தந்தையார் சென்னையில் வாங்கிய ஹெரால்டு வண்டி அவரிடம் உள்ளது. தந்தையார் மறைந்தபின் அதன் கியர் ராடு மிகவும் ஆடத் தொடங்கியது. காட்டிய பட்டறையில், "கியர் பாக்ஸ் முடிந்தது, வேறு பெட்டி கிடைக்காது, காயலான் கடைக்குப் போடுங்கள்" என்று கூறிவிட்டனர். விலை பேசவும் ஆள் வந்தாயிற்று. வீட்டிலிருந்த தாயார் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் வண்டிக்குப் போர்த்தியிருந்த துணியை அன்றும் துவைத்து உலர்த்தி மீண்டும் போர்த்தினார். அதைக் கண்ட அன்பர் விலை பேச வந்தவரைச் சில நாள் பொறுக்கச் சொல்லி, ஓய்வுபெற்ற தமிழ்ப் பிட்டர் ஒருவரை அழைத்து வந்தார்.

பெரியவர் வண்டியில் அமர்ந்தார். என்ஜினைக் கிளப்பாமலே நான்கு கியர்களையும் போட்டுப் பார்த்தார். குமிழை இருவிரலால் அசைத்துப் பார்த்தார். "தம்பி, பெட்டி ஒன்றும் சொல்லவில்லையே! ராடுதானே பேசுகிறது? பேசுகிறவனை முதலில் விசாரியுங்கள்" என்றார். பிறகு திறந்து பார்க்கையில் நைலான் வாஷர்களில் ஒன்று இரண்டாகப் பிளந்திருந்தது. மற்றொன்றைக் காணவே இல்லை. போல்ட் நடுவில் இளைத்திருந்தது. பெட்டியைத் தொடவே நேரவில்லை. தேவைப்பட்ட உறுப்புகள் யாவும் ஓர் உள்ளங்கையில் அடங்கின. அவ்வண்டி இன்றும் ஓடுகிறது.

அவர் செய்த முறையையே சுருக்கமாகத் தருகிறோம். சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, பாட்டரி இணைப்பைக் கழற்றி, ராட்டை நியூட்ரலில் வைக்க வேண்டும். குமிழையும் ரப்பர் உறையையும் நீக்கியபின், பெட்டியை மூடியிருக்கும் நடுக்கவசத்தின் திருகாணிகளை ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டும். இவ்வண்டிகளை ஆக்கியோர் செய்த பேருதவி இதுவே: கவசத்தை எடுத்தால் கியர் பாக்ஸ் முழுவதும் வண்டிக்குள்ளிருந்தே கண்ணுக்குத் தெரியும். வண்டியின் அடியில் ஊர்ந்து செல்ல வேண்டுவதில்லை.

அடுத்து, ராட்டின் மூடியைக் கழற்றலாம். ஸ்பிரிங் துள்ளி எழும். ஆதலால் மேலே ஒரு துணியைப் போர்த்திக்கொண்டு கழற்றுவது நன்று. அடிமுனைப் போல்டை எடுத்தால் ராடு கையோடு வரும். வந்த உறுப்புகளை வந்த வரிசையிலேயே ஒரு காகிதத்தின்மேல் அடுக்கி வையுங்கள். கைப்பேசியில் ஒரு படமும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றையும் மண்ணெண்ணெயில் கழுவி வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். நைலான், ரப்பர், புஷ் ஆகியவற்றை ஆராயவே வேண்டாம். எல்லாவற்றையும் ஒருசேர மாற்றிவிடுவதே சிக்கனம். போல்டில் நகத்தால் வருடினால் தடுக்கும் பள்ளம் இருந்தால் அதனையும் மாற்றுக. இளைத்த போல்டில் புதுப் புஷ்ஷை ஏற்றுவதால் பயனில்லை. துளையே முட்டை வடிவமாகியிருந்தால் லேத் பட்டறையில் துளையைப் பெரிதாக்கி உள்ளே ஒரு குழாய்ப் புஷ் இறக்கித் தருவர்.

மேல்மூடியைத் திறக்க நேர்ந்தால் இரு எச்சரிக்கைகள். திறந்த பெட்டியின் வாயைத் தூய துணியால் உடனே மூடுக. உள்ளே விழும் ஒரு வாஷர் பெட்டியையே அழித்துவிடும். மீண்டும் மூடுகையில் கம்பிகளும் பற்சக்கர வளையங்களும் நியூட்ரலில் இருக்கின்றனவா என்று பார்த்து, கரங்கள் வளையப் பள்ளங்களில் இறங்கும்படி மூடுக. புதிய காஸ்கெட் போடுவதையும் மறத்தலாகாது. கூம்பு முனைத் திருகாணியை இறுக்கியபின் அது தளராதபடி மெல்லிய கம்பியால் கட்டிவிட வேண்டும். இறுதியாகப் பின்னோட்டக் கியருக்குத் தவறிச் செல்லாமல் காக்கும் தடைத் திருகாணியைச் சரிபார்த்து, நான்கு கியர்களும் பின்னோட்டமும் முழுதும் விழுகின்றனவா என்று என்ஜினைக் கிளப்புமுன் சோதிக்க வேண்டும்.

செய்யத்தகாதவை சில. தோல் துண்டையோ தகரத்தையோ சொருகி ஆட்டத்தை அடக்குவது ஒருநாள் வைத்தியம். அது நழுவிப் பாதையில் சிக்கினால் ராடு இறுகிவிடும். ஸ்பிரிங்கை இழுத்து நீட்டி மிகுதியாக அழுத்தினால் ராடு ஆடாது. எளிதில் நகரவும் நகராது. நைலானுக்குப் பதில் பித்தளையில் கடைந்து போடுவோர் உளர். ராடு கெட்டியாக நிற்கும் என்பது மெய்யே; ஆனால் என்ஜினின் அதிர்வு முழுவதும் குமிழுக்கு வரும். ஓசையை விழுங்கவே அங்கு நைலானை வைத்தனர் என்பதை மறக்கலாகாது.

மற்ற ஸ்போர்ட்ஸ் கார்களும் இதற்கு விலக்கல்ல. ஸ்பிட்பயரோடு 1962-லேயே பிறந்து 1980-லேயே நின்ற 'எம்.ஜி.பி.' வண்டியிலும் ராட்டின் அடிமுனையில் இருக்கும் சிறு புஷ்தான் பெரும்பாலும் குற்றவாளி. 'போர்ஷே 911' வண்டிக்கு என்ஜினும் பெட்டியும் பின்னால், ராடு முன்னால். இரண்டையும் இணைக்கும் நீண்ட தண்டின் கிண்ணமும் இணைப்புப் புஷ்களும் தேய்ந்தால் அதிலும் கை தடுமாறும். மும்பை வாசகர்கள் நன்கறிந்த பிரீமியர் பத்மினி வண்டியில் ராடு ஸ்டியரிங் தண்டிலேயே இருந்தது. அங்கிருந்து பெட்டிவரை இணைப்புகள் பல. 2023 அக்டோபரில் அவ்வண்டி மும்பை டாக்ஸித் தொழிலிலிருந்து விடைபெறும்வரை, அவ்விணைப்புகளின் ஆட்டத்தைக் கையின் பழக்கத்தாலேயே சமாளித்து ஓட்டினர் டிரைவர்கள்.

"பழகிய கைக்கு ஆட்டம் ஒரு பொருட்டா?" என்று சிலர் கேட்பர். பொருட்டே. அரைகுறையாக விழுந்த கியரில் பற்களின் ஓரங்கள் மட்டுமே ஒன்றையொன்று பற்றி நிற்கும். அவை சிதைந்தபின் உண்மையிலேயே பெட்டியைத் திறக்க நேரும். சிறு புஷ்ஷில் முடிந்திருக்க வேண்டிய செலவு பெருஞ்செலவாக வளர்வது இவ்வாறே. அதனினும் கொடியது ஒன்றுண்டு. கண்டாலா போன்ற மலைப்பாதையின் இறக்கத்தில் மூன்றாவதிலிருந்து இரண்டாவதற்கு மாற்றுகையில் கியர் விழாமல் நியூட்ரலிலேயே நின்றுவிட்டால், வண்டியை அடக்க என்ஜின் துணை இராது. பழைய பிரேக் ஒன்றையே நம்ப வேண்டும். அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்று நம் முன்னோர் சொல்லிவைத்தது தேருக்கு மட்டுமன்று.

வண்டலூர்த் தொழிற்சாலை மூடி ஆண்டுகள் பல ஆகிவிட்டன. அங்கே உறுப்புகள் கேட்டுப் போவதற்கில்லை. ஆயினும் ஸ்பிட்பயரை இலட்சக்கணக்கில் செய்ததால், அதனைப் பேணுவோர் இங்கிலாந்தில் இன்றும் மிகுதி. அவர்களுக்காக இச்சிறு உறுப்புகள் இன்றும் புதிதாகச் செய்யப்படுகின்றன. கியர் ராட்டின் நைலானும் புஷ்ஷும் தபாலில் வரும் சிறு பொட்டலம்தான். அங்குள்ள ஸ்போர்ட்ஸ் கார் அன்பரின் ஆர்வம் இங்குள்ள குடும்ப வண்டியைக் காக்கிறது. ஆகவே தந்தை, பாட்டன் ஓட்டிய வண்டி வீட்டில் நிற்குமானால், பெட்டி போயிற்று என்று பிறர் கூறும் சொல்லை ஏற்று விலை பேசுமுன், நால்வகைச் சோதனையையும் ஒருமுறை தம் கையாலேயே செய்து பார்க்கும்படி வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறோம். அரைமணி நேரத்துக்குமேல் ஆகாது.